உட்காரச் சொல்கிறவர்கள்

ஒன்பதே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தது. இப்போது மணி பத்தேகால். அரைமணி ஆயிற்று. அரைமணிதான் கெடு, அதற்குமேல் தாங்காது என்று மருதாசலத்துக்குத் தெரியும், அவருடைய இடுப்புக்குத் தெரியும், வேறு ஆளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓட்டை ஓட்டையாகப் போட்ட இரும்பு பெஞ்சு. கையில் இருபத்து மூன்றாம் நம்பர் டோக்கன். உள்ளே இப்போதுதான் எட்டாம் நம்பர் போயிருக்கிறது. வலி எப்போதும் வலது பக்கம்தான் முதலில் வரும். பிட்டத்துக்குச் சற்று மேலே, முதுகெலும்பு வந்து இடுப்பெலும்பில் பொருந்துகிற இடத்தில், உள்ளங்கையை வைத்தால் மறைந்துவிடுகிற இடம். அங்கே யாரோ ஆணியை நிறுத்திவிட்டுச் சுத்தியலைத் தேடுகிறார்கள். தேடட்டும். கிடைத்துவிடும். எப்போதும் கிடைத்துவிடும். கொஞ்ச நேரத்தில் இடது பக்கத்துக்கும் ஒரு ஆணி. அப்புறம் இரண்டுக்கும் நடுவே சிமென்டுப் பால் ஊற்றின மாதிரி இறுகிக்கொண்டே வரும். எழுந்துவிட்டால் பிழைத்தோம். எழுந்து இந்த வராந்தாவைப் பத்துத் தரம் அளந்தால் இளகிவிடும். பதினைந்து வருசத்தில் அவர் கண்ட மருந்து அது ஒன்றுதான். எழுந்தார். பாதிதான் எழுந்தார். "ஏனுங்க, எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. தண்ணி வேணுமா? நாங் கொண்டாறேன்" என்று சம்பூரணம் தோளைப் பிடித்து அமுக்கினாள். கட்டின பெண்டாட்டி. அமுக்கின கையில் கனிவு இருந்தது. என்ன செய்ய. உட்கார்ந்தார்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். மில்லில் கொடுத்திருந்த லைட் வேலை இன்றோடு முடிகிறது. டாக்டர் காகிதத்தில் எழுதுகிறதுதான் எழுத்து. ஓய்வு வேண்டும் என்று எழுதினால் மறுபடி மில் கேட்டில் நாற்காலி. வேலை செய்யலாம் என்று எழுதினால் ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட், பழைய சைடர் வேலை, நடை. அவருக்கு நடை வேண்டும். சைடர் வேலை என்றால் என்ன, நடைதான். இந்தப் பக்கம் ஒரு மிஷின், அந்தப் பக்கம் ஒரு மிஷின், நடுச்சந்தில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, எங்கே இழை அறுந்திருக்கிறது என்று பார்த்து, சுற்றுகிற கதிரை முழங்காலால் அழுத்தி நிறுத்தி, இழையை எடுத்து ஒட்டிவிட்டு மறுபடி நடை. ஒரு ஷிப்டுக்கு ஆறு மைல் என்பான் ஒருத்தன், எட்டு என்பான் இன்னொருத்தன். அளந்தவன் கிடையாது. இருபது வருசம் அந்தச் சந்தில் நடந்தார். அந்த நடைதான் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் தெரிந்திருந்தால் உட்கார்ந்திருப்பாரா? உட்காரவைத்திருப்பார்கள். சொல்ல வேண்டியது மூன்று. ஒன்று, உட்கார்ந்தால் வலிக்கிறது, நடந்தால் குறைகிறது. இரண்டு, அப்பாவின் முதுகு. மூன்று. மூன்று என்ன? காலையில் பல் விளக்கும்போது மூன்றும் வரிசையாக இருந்தது. விரல் விட்டுக்கூட எண்ணினார். கட்டைவிரல் உட்கார்ந்தால், ஆள்காட்டி அப்பா, நடுவிரல் என்ன? போகட்டும், வரும். ஒன்று, உட்கார்ந்தால் வலிக்கிறது.

அதைச் சொன்னால் எவன் நம்புவான்? நொண்டுகிறவன் நடந்தால் வலி என்பான். சுளுக்கினவன் குனிந்தால் வலி என்பான். சும்மா உட்கார்ந்தால் வலி, படுத்தால் அதைவிட வலி, எட்டுமணி நேரம் நடந்தால் சுகம் என்று ஒருத்தன் சொன்னால் அவனுக்கு மண்டையில் கோளாறு என்றுதானே நினைப்பார்கள். அவரே அப்படித்தான் நினைத்தார், நாலைந்து வருசம். ரத்தம் மூன்று தரம் எடுத்தார்கள். முடக்குவாதம் இல்லை என்று வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வயசுக்குண்டான தேய்மானம் என்றார்கள். அப்போது வயசு முப்பத்தொன்று. ஒருத்தர் வாயு என்றார். ஒருத்தர் ஜவ்வு விலகியிருக்கிறது என்றார். எண்ணெய் போடுகிற வைத்தியர் முழங்காலை முதுகில் ஊன்றி இரண்டு தோளையும் பின்னால் இழுத்தார். மூன்று நாள் மூச்சு விட முடியவில்லை. இன்னொருத்தர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டு, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்றார். இருந்தது. இடுப்பு வலிக்கிறதே என்கிற கஷ்டம். பெயர் இல்லாத வியாதி அவருக்கு வந்த வியாதி. கொசு கடித்து வருகிறதற்குக்கூட ஒரு பெயர் இருக்கிறது, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன என்று சொல்ல? இடுப்பு. அவ்வளவுதான். அவனுக்கு இடுப்பு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள், மற்றவனுக்கெல்லாம் இடுப்பே இல்லாத மாதிரி.

ஆணி இறங்கிவிட்டது. வலது பக்கம். பெஞ்சில் ஒரு பிட்டத்தைத் தூக்கி மறு பிட்டத்தில் சாய்ந்தார். சம்பூரணம் பையிலிருந்து துண்டை எடுத்து மடித்து முதுகுக்குப் பின்னால் செருகினாள். மில் நாற்காலிக்கும் அவள்தான் இலவம்பஞ்சு வாங்கி மெத்தை தைத்துக் கொடுத்தாள். பூப்போட்ட துணி. கேட்டில் வருகிற போகிற பெண்பிள்ளைகள் சிரிக்கும். அந்த நாற்காலியே அவள் வாங்கிக் கொடுத்ததுதான். ஒருநாள் விடியக்காலம், முதல் ஷிப்டுக்குக் கிளம்ப எழுந்தவரால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. இறங்கிச் சுவரைப் பிடித்து நின்றவரால் குனிந்து பேன்ட்டில் காலை விட முடியவில்லை. அது தினமும் நடக்கிறதுதான். நாலு மணிக்கே எழுந்து, அவள் தூங்கும்போதே, வாசலுக்கும் புழக்கடைக்கும் நடந்து நடந்து இளக்கிக்கொண்டு, அவள் எழும்போது ஒன்றுமில்லாதவர் மாதிரி நிற்பார். அன்றைக்கு அவள் முந்தி எழுந்துவிட்டாள். பார்த்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கே மில்லுக்குப் போய் லேபர் ஆபீசர் காலில் விழாத குறையாக, இருபது வருசம் உழைச்ச மனுசனுங்க, ஒரு உக்கார்ற வேலையாப் பாத்துக் குடுங்க என்று கேட்டு வாங்கிவிட்டாள். லேபர் ஆபீசரும் நல்ல மனுசர், மறுநாளே நாற்காலி போட்டுவிட்டார். எல்லாரும் நல்லவர்கள். கெட்டவன் ஒருத்தன் இருந்தால் அவனைத் திட்டியாவது தீர்க்கலாம். ஏழுமணியிலிருந்து மூன்றரை வரைக்கும் உட்கார்ந்து, உள்ளே வருகிறவன் பையையும் வெளியே போகிறவன் பையையும் திறந்து பார்க்கிற வேலை. பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருங்கள் என்றார்கள். பிள்ளையார் கல். அவருக்கு வலிக்காது. இவர்தான் மெல்ல மெல்லக் கல் ஆகிக்கொண்டிருக்கிறார்.

"அட, மருதாசலண்ணா! மகாராஜா, நீங்க ஆஸ்பத்திரிக்கெல்லாம் வருவீங்களா?" நிமிர்ந்தால் கனகராசு. அதே மில், அதே டிபார்ட்மென்ட், வாயாடி. பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். பெஞ்சு ஆடினது, உயிர் போய் வந்தது. "என்னடா உனக்கு?" "காய்ச்சலுங்ணா." "தொட்டா ஜில்லுனு இருக்கே." "நாளானிக்குத்தான் வரும். மச்சினிச்சிக்குக் கல்யாணம். அதுக்கு முன்னால ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி வச்சுக்கலாம்னு." சம்பூரணம்கூடச் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே தண்ணீர் பாட்டிலை நிரப்ப எழுந்து போனாள். அவள் தலை மறைந்ததும் மருதாசலம் குரலைத் தாழ்த்தினார். ஏன் இவனிடம் போய்ச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. "கனகு, நான் இன்னிக்கு டாக்டர்கிட்டச் சொல்லிரப் போறேன். எனக்கு நாற்காலி வேண்டாம். உக்காந்தாத்தாண்டா வலிக்குது. நடந்தா இல்ல." கனகராசு அவரை மேலும் கீழும் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "உங்களுக்குப் பைத்தியமுங்களாண்ணா? ஸ்பின்னிங்ல பாதிப்பேரு அந்த நாற்காலிமேல கண்ணா இருக்கான். நடந்தா வலி இல்லேன்னு உங்க வாயால சொன்னீங்கன்னு வைங்க, அப்ப ஒண்ணரை வருசமா எங்களை ஏமாத்திக் குந்தியிருந்தியான்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவானுங்க. நாற்காலியும் போச்சு, சந்தும் போச்சு. பேசாம முக்கிட்டே போங்க, முனகிட்டே வாங்க. வேணும்னா நாஞ் சொல்லித் தர்றேன்." அவன் முனகிக் காட்டினான். நன்றாகவே முனகினான். மருதாசலம் பதினைந்து வருசத்தில் அவ்வளவு நன்றாக முனகினது கிடையாது.

ஏமாத்திக் குந்தியிருந்தியா. அது வேறு இருக்கிறது. அதை அவர் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். உள்ளே பதிமூன்றாம் நம்பர். உண்மையைச் சொன்னால் பொய்யன். பொய் சொன்னால் நாற்காலி. பேசாமல் இருந்தால்? பேசாமல் இருந்தால் அப்பா. அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயசில் கழுத்து திரும்பாமல் போயிற்று. பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் வண்டியைத் திருப்புகிற மாதிரி உடம்பு முழுவதையும் திருப்புவார். ஐம்பதில் முகம் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. என்ன பொன்னையா, என்னத்தத் தொலைச்சே என்று கேட்பார்கள். தினமும் கேட்பார்கள், தினமும் அதே கேள்வி, கேட்கிறவனுக்கு மட்டும் அது புதுசு. மேகம் கட்டுகிற நாளில் வாசலில் நின்றுகொண்டு, மருதா, மானம் எப்படியிருக்குது பாரு என்பார். அண்ணாந்து பார்க்க முடியாது அவரால். மகன் பார்த்துச் சொன்னால்தான் மழை வருமா வராதா என்று தெரியும். கறுத்திருக்குதுங்கப்பா என்று சொல்லிவிட்டு இவர் விளையாட ஓடிவிடுவார். ஒருநாளாவது நின்று, எந்தப் பக்கம் கறுத்திருக்கிறது, எங்கே மின்னுகிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செத்தபோது பாடையில் கிடத்தினார்கள். தலை படியவில்லை. முதுகு படிந்தால் தலை தூக்கிக்கொண்டது, தலையை அமுக்கினால் கால் எழும்பினது. கடைசியில் வைக்கோலைச் சுருட்டித் தலைக்கடியில் முட்டுக்கொடுத்தார்கள். போகிற வழியெல்லாம் அப்பா தலையைத் தூக்கி, தன்னைத் தூக்கிப் போகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார். கூன் விழுந்த வயசாளி என்று எல்லாரும் சொன்னார்கள். வயசு ஐம்பத்தெட்டு.

பதினேழு. சம்பூரணம் வந்துவிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். மூன்றாவது என்ன? நடுவிரலைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். வரவில்லை. வந்தது வேறொன்று, வேண்டாதது. குளியலறைச் சுவர். யாருக்கும் தெரியாமல் தினமும் அங்கே குதிகாலையும் முதுகையும் சுவரில் ஒட்டி நிமிர்ந்து நிற்பார். பின்னந்தலை சுவரைத் தொட வேண்டும். அப்பாவை நினைத்து ஆரம்பித்த பழக்கம். போன வருசம் தொட்டது. சுவரின் சில்லிப்பு மண்டையில் பட்டதும் அன்றைக்குப் பொழுது நல்ல பொழுது. ஆடி மாசம் தொடவில்லை. மோவாயைத் தூக்கினால் தொட்டது. அது கள்ளத்தனம், தெரியும், இருந்தாலும் தூக்கினார். போன வாரம் மோவாயைத் தூக்கியும் தொடவில்லை. கையைப் பின்னால் விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் போனது. இரண்டு விரல் இடைவெளி. அதில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கதவைத் தட்டி, ஏனுங்க, உள்ளாற வழுக்கும், ஸ்டூல் போட்டிருக்கறேன், உக்காந்து குளிங்க என்றாள் சம்பூரணம். அதற்கப்புறம் சுவரிடம் போகவில்லை. போகாவிட்டால் இடைவெளி வளராதா என்ன. மகள் போனில் பேசும்போதும் அதேதான், அப்பா ரெஸ்ட் எடுங்க, எதுக்கும் எந்திரிக்காதீங்க. சொந்தக்காரன் வீட்டுக்குப் போனால் இருக்கிற ஒரே சாய்வு நாற்காலியை இழுத்துப் போடுகிறான். கோயிலில் வரிசையில் நின்றால் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரசாதம் கொண்டுவந்து தருகிறார்கள். ஊரே கூடி ஆளுக்கு ஒரு கை பிடித்து ஒருத்தனை உட்காரவைத்துக் கொல்கிறது. ஒருத்தர் முகத்திலும் வன்மம் இல்லை.

"இருவத்தி மூணு! யாருப்பா இருவத்தி மூணு?" என்றாள் கதவடியில் நின்ற ஆயா. இரண்டு மணி நேரம் பெஞ்சு பண்ணின வேலை, எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, பெஞ்சைப் பிடித்து, கனகராசு ஒரு பக்கமும் சம்பூரணம் ஒரு பக்கமும் தூக்க, நாலு துண்டாக எழுந்தார். "அருமைங்ணா. இதையே மெயின்டன் பண்ணுங்க" என்று காதில் சொன்னான் கனகராசு. படுபாவி, மெச்சுகிறான். உள்ளே டாக்டர். நடுவயசு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, மேஜைமேல் ஆறிப்போன டீ. பாவம், அவருக்கும் இடுப்பு வலிக்கும்போல இருந்தது. "உக்காருங்க" என்றார். "இல்லீங்க, நிக்கறேன்." "அட, உக்காருங்க, நிக்கறவரைப் பாத்துக் கழுத்து வலிக்குது எனக்கு." உட்கார்ந்தார். எப்படி இருக்கு என்றார் டாக்டர். மருதாசலம் வாயைத் திறப்பதற்குள் சம்பூரணம் முந்திக்கொண்டாள். "காலைல எந்திரிக்கவே முடியறதில்லைங்க. நாந்தான் எந்திரிக்க விடறதில்லைங்க." டாக்டர் எழுத ஆரம்பித்தார். பேனா ஓடினது. அந்தப் பேனா நிற்பதற்குள் சொல்ல வேண்டும். அறுந்த இழையைக் கதிர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பிடிக்க வேண்டும், விட்டால் சுருண்டுகொண்டுபோய்விடும். பொய்யன் என்றால் என்று போகட்டும். வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும். சொன்னார். "உக்காந்தாத்தானுங்க வலிக்குது."

பேனா நின்றது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். முதல் தரமாக ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கிறார். "உக்காந்தாலா?" "ஆமாங்க. அந்த நாற்காலி எனக்கு ஆகலீங்க. நடந்தாத் தேவலைங்க." டாக்டர் தலையை ஆட்டினார், பலமாக ஆட்டினார், சரியான பதிலைக் கேட்ட வாத்தியார் மாதிரி. "அதுதான் பாத்தேன். உங்களுக்கு அந்த நாற்காலி ஆகாது. நான் எழுதிர்றேன்." மருதாசலத்துக்கு உடம்பெல்லாம் ஒரு வெதுவெதுப்பு ஓடினது. அவ்வளவுதானா? ஒன்றரை வருசம் தொண்டையில் வைத்திருந்தது அவ்வளவுதானா? ஸ்பின்னிங் சந்து கண்ணில் விரிந்தது. பஞ்சு பறந்தது. டாக்டர் சம்பூரணத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "இவருக்கு உக்கார்றதே தாங்கல பாருங்கம்மா. அந்தளவுக்குப் போயிருக்கு. நடந்தாத் தேவலைன்னு நடந்துட்டே இருந்தா எலும்பு என்னத்துக்கு ஆகும்? ஓய்வு பத்தலை. நாற்காலியெல்லாம் வேண்டாம், நேராப் படுக்கைதான். ரெண்டு மாசம். சாப்பாடுகூடப் படுக்கைக்கே கொண்டுபோயிருங்க. பாத்ரூம் தவிர எந்திரிக்கக் கூடாது." "நடந்தாத் தேவலைங்க டாக்டர்" என்றார் மறுபடியும். அதற்குள் சம்பூரணம் அழுதுவிட்டாள், சந்தோசத்தில். எத்தனையோ டாக்டரைப் பாத்தாச்சுங்க, நீங்க ஒருத்தர்தான் வலியை வலின்னு ஒத்துக்கிட்டீங்க என்று கும்பிட்டாள். மருதாசலம் அவசரமாக ஆள்காட்டி விரலைப் பிடித்தார். "எங்கப்பாவுக்கும் இப்படித்தானுங்க, முதுகு வளைஞ்சு." "அப்பா இருக்காரா?" "இல்லீங்க." "எதுல போனாரு?" "மஞ்சக்காமாலைங்க." "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க" என்று சொல்லி டாக்டர் மணியை அமுக்கினார். இருவத்தி நாலு என்றாள் ஆயா.

படுக்கை. வராந்தா, படி, வெயில், ரோடு. நடந்தார். நடக்க நடக்க இளகினது. இளகுகிற சனியன் இப்போதுதான் இளக வேண்டுமா. சந்திலிருந்து நாற்காலி. நாற்காலியிலிருந்து கட்டில். கட்டிலிலிருந்து எதற்கு என்று யாரும் சொல்லத் தேவையில்லை, வைக்கோலை மட்டும் தயாராக வைத்தால் சரி. ரெண்டு மாசம். இரண்டு விரல் அதற்குள் நாலு விரல் ஆகும், அப்புறம் ஒரு கை போகும். சொல்லாமலே இருந்திருக்கலாம். முனகிவிட்டு வந்திருக்கலாம், கனகராசு சொன்ன மாதிரி. நாற்காலியிலிருந்தாவது பீடி குடிக்கிற சாக்கில் எழுந்து நடக்கலாம். பஸ் ஸ்டாப்புக்கு அரை பர்லாங். இரண்டு மைலாக இருக்கக்கூடாதா. "மெல்ல, மெல்ல" என்று சம்பூரணம் கையைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைத்தாள். முகம் பளிச்சென்று இருந்தது அவளுக்கு. கட்டிலை ஜன்னலோரமாப் போட்டுரலாங்க, காத்து வரும், என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் வந்தது. கூட்டம். உள்ளே ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றார். நிற்கிறது நன்றாக இருந்தது. பஸ் ஆட ஆட இடுப்பும் ஆடி, ஆணி இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றன. ஜன்னலில் வெயில் அடித்தது, கண் கூசினது, அப்போதுதான் நடுவிரல் பேசினது. கண். அதுதான் மூன்றாவது. வருசத்துக்கு ஒருதரம் இடது கண் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்துபோய், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், சொட்டு மருந்து விட்டு ஆறுகிறதே, அந்த வாரமெல்லாம் இடுப்பும் சேர்ந்து மோசமாகிறதே, கண்ணுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டும் என்று இருந்தார். யாரைக் கேட்க? டிரைவரையா? சம்பந்தமில்லீங்க என்பார். போகட்டும். இன்னும் முக்கால் மணி நேரம் நிற்கலாம். வீட்டுக்குப் போகிறவரைக்கும் நிற்கலாம். அந்த முக்கால் மணியை அவர் கம்பியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முன்னால் லேடீஸ் சீட்டிலிருந்து சம்பூரணம் எட்டிப் பார்த்தாள். அவர் நிற்கிறதைப் பார்த்தாள். பதறிப்போய் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "ஐயோ, அவரு முடியாதவருங்க! இப்பத்தான் டாக்டரு படுக்கையே சொல்லியிருக்காரு! யாராச்சும் புண்ணியமாப் போகும், ஒரு எடம் குடுங்க!"

நாலு பேர் எழுந்தார்கள்.